கணக்கில் ஏறாத கடலை: மலாவி நாட்குறிப்பு

முதல் நாள் – மே 8, 2023, லிலோங்வே

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, இன்று பிற்பகல் லிலோங்வேயின் கமூசு பன்னாட்டு விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். மழைக்காலம் முடிந்து வயல்கள் காயத் தொடங்கியிருக்கின்றன. சாலையின் இருபுறமும் செம்மண்; அதில் பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிகள் வரிசையாகக் கிடக்கின்றன. திண்டிவனத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தக் காட்சி அயலூர்க் காட்சியாகத் தெரியவில்லை.

நான் வந்திருக்கும் காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ‘உழவரிடமிருந்து உழவருக்கு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு தன்னார்வத் திட்டம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தின் வழியாகத் தொடங்கப்பட்ட அத்திட்டம், வேளாண்மையிலும் அதைச் சார்ந்த தொழில்களிலும் பழக்கமுள்ளவர்களைச் சில வாரங்களுக்கு வேறு நாட்டுச் சிறு உழவர்களிடமும் கூட்டுறவுகளிடமும் அனுப்புகிறது. பயணச் செலவும் தங்குமிடமும் கிடைக்கும், ஊதியம் கிடையாது. திட்டத்தின் முழுப் பெயரில் ஜான் ஒகனாவ்ஸ்கி என்பவரின் பெயரும் சேர்ந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் மோதப்பட்ட முதல் விமானத்தின் தலைமை விமானி அவர். மாசசூசெட்ஸில் அவர் உழவரும் கூட. கம்போடியாவிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் பயிர் செய்யத் தம் நிலத்தைக் கொடுத்து, உடனிருந்து உதவியவர். அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு திட்டத்தில் கடமையைக் குறையாகச் செய்துவிட்டுத் திரும்பக் கூடாது என்ற எண்ணம் விமானத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

என் தகுதி சிறியது. உணவுப்பொருள் ஆலைகளில் 31 ஆண்டுகள் அடக்கவிலைக் கணக்கு எழுதியிருக்கிறேன். அதற்கும் முன்னால், அப்பாவின் கடலை மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்திருக்கிறேன். கடலை வெண்ணெய் தயாரிக்கும் ஒரு பெண்கள் குழு, ‘விற்பனை நடக்கிறது, ஆனால் கையில் பணம் நிற்பதில்லை’ என்று சொல்லி உதவி கேட்டிருக்கிறது. பன்னிரண்டு நாட்களில் அதற்கு விடை காண வேண்டும்.

வரவேற்க வந்த கள அலுவலர் இளம் பெண், வேளாண் பட்டதாரி, அவரே மொழிபெயர்ப்பாளரும். இரண்டு மாதங்களுக்கு முன் நாட்டின் தென்பகுதியைச் சிதைத்த ஃபிரெடி புயலில் அவருடைய உறவினர் வீடுகளும் போய்விட்டன. அதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

இரண்டாம் நாள் – மே 9, சிட்டெட்ஸே வழியாக முசிஞ்சி

லிலோங்வேயிலிருந்து மேற்கே, ஜாம்பியா எல்லையை நோக்கிப் போகும் சாலையில் சிட்டெட்ஸே வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஹைதராபாத்திற்கு அருகே தலைமையகம் கொண்ட இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மலாவிப் பிரிவும் அங்கேதான் செயல்படுகிறது. பருத்த பருப்புள்ள சலிம்பானா, சிவந்த தோலும் நிறைந்த எண்ணெயும் கொண்ட சி.ஜி.7, ககோமா என்று மூன்று கடலை வகைகளைக் காட்டினார்கள். ககோமா என்பது நம் மகாராஷ்டிரத்து ஜல்காவில் உருவான ஜே.எல்.24 வகைதான், இங்கே வேறு பெயரோடு உலவுகிறது. எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி.2 வகையை 1940-இல் வெளியிட்ட திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி நான் சொன்னபோது அவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் கடலையை மல்லாட்டை என்போம் என்றேன். இங்கே சிச்செவா மொழியில் முடெட்ஸா.

நாட்டின் ஏற்றுமதியில் புகையிலைக்கே முதலிடம். புகையிலை ஆண்களின் பயிர் என்றும், கடலை பெண்களின் பயிர் என்றும் இங்கே ஒரு வழக்கு உண்டு. முன்பு மலாவிக் கடலை ஐரோப்பாவிற்குப் பெருமளவில் போய்க்கொண்டிருந்தது. பூஞ்சண நஞ்சைப் பற்றிய விதிகள் இறுகியபோது அந்தச் சந்தை நழுவிப்போயிற்று.

மூன்றாம் நாள் – மே 10, முசிஞ்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூர்

குழுவில் 26 பெண்கள். ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை, வெளியே ஒரு வறுக்கும் உருளை, உள்ளே ஓர் அரவை இயந்திரம், சுவரில் மாட்டிய தராசு. அவர்கள் பாடி வரவேற்றார்கள். பிறகு தலைவி தரையில் பாய் விரித்து அமர்ந்து, குழு எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னார். இங்கே ‘பேங்கி ம்கொண்டே’, அதாவது திண்ணை வங்கி என்ற சேமிப்புக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வாரந்தோறும் பங்குப் பணம் போட்டு, உறுப்பினர்களுக்கே கடன் கொடுத்து, ஆண்டு முடிவில் பிரித்துக்கொள்ளும் அந்த முறையில் ஒரு காசு பிசகுவதில்லை. அந்தச் சேமிப்பிலிருந்துதான் அரவை இயந்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். ஆகவே இவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். பொருளாளர் காட்டிய பேரேட்டில் ஆறு ஆண்டுகளின் சேமிப்பு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

இன்று நான் எதுவும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தேன். உறுப்பினர்கள் தங்கள் வீட்டிலேயே உரித்த பருப்பை முறத்திலும் பையிலும் கொண்டுவருகிறார்கள். சில பைகளில் பருப்பு தொட்டால் குளிர்ந்தது. விசாரித்தபோது, காய்களை நீரில் ஊறவைத்து உரித்ததாகச் சொன்னார்கள்.

ஊறிய ஓடு மெத்தென்று பிளக்கும், விரலுக்கு நோவில்லை. ஆனால் அந்த ஈரம் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணத்திற்கு விருந்து. அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, அவற்றிற்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்துதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். வறுத்தால் சற்றுக் குறையும், முழுவதும் ஒழியாது. கண்ணுக்கும் நாக்குக்கும் பிடிபடாது. ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கடலையில் நூறு கோடிக்கு 4 பங்கு வரைதான் இதை அனுமதிக்கிறது.

ஒரு மூதாட்டி தம் கட்டைவிரலைக் காட்டினார். நகத்தின் ஓரம் பிளந்து காய்த்திருந்தது. ஒரு மூட்டைக் காயை உலர்ந்தபடியே கையால் உரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கட்டைவிரலின் நியாயம் தெரியும். எங்கள் மண்டியிலும் பருப்பு உடையாமலிருக்க, இயந்திரத்தில் போடுவதற்கு முன் காயின்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். சிறுவனாக நானே குடம் சுமந்து தெளித்திருக்கிறேன். அதையும் அவர்களிடம் சொன்னேன்.

நான்காம் நாள் – மே 11

இன்று முழுவதும் தராசோடு கழிந்தது. உலர்ந்த காய் 10 கிலோ எடுத்துக்கொண்டோம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும் என்பது திண்டிவனத்திலும் முசிஞ்சியிலும் ஒரே சோதனைதான். உரித்தபின் பருப்பு 6.7 கிலோ நின்றது. அதில் சுருங்கியது, நிறம் மாறியது, முளைவிட்டது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுத்ததில் 700 கிராம் கழிந்தது. மீதம் 6 கிலோ. வறுத்துத் தோல் நீக்கி அரைத்தபின் 5.5 கிலோ விழுது. இயந்திரத்தில் ஒட்டியது போக, 400 கிராம் புட்டிகள் 13 நிரம்பின.

கடைக்கு ஒரு புட்டி 1,000 குவாச்சாவுக்குப் போகிறது. ஒரு டாலர் ஏறக்குறைய ஆயிரம் குவாச்சா. ஆக வரவு 13,000. செலவில் புட்டியும் சீட்டும் 3,250, அரவை மின்சாரம் 600, விறகு 500, உப்பும் சர்க்கரையும் 350, ஊர்திக் கூலியில் இந்தப் பங்கு 1,000; மொத்தம் 5,700. மீதம் 7,300 என்று பொருளாளர் எழுதி, மகிழ்ச்சியோடு அடிக்கோடிட்டார்.

“கடலை எங்கே?” என்று கேட்டேன்.

“அது எங்களுடையதுதானே, பாம்போ. நாங்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லையே” என்றார். பாம்போ என்றால் அப்பா. வயதில் மூத்த ஆண்களை இங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். தனியொருவரிடம் பேசும்போதும் மரியாதைக்காகப் பன்மையில் பேசும் வழக்கம் சிச்செவாவில் நம்மைப் போலவே இருப்பதால், மொழிபெயர்த்தபின்னும் அந்த மரியாதை குன்றாமல் வந்து சேர்கிறது.

அந்த 6.7 கிலோ பருப்பை அப்படியே ஊருக்கு வரும் வியாபாரியிடம் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று கேட்டேன். கிலோவுக்கு 1,000 என்றார்கள். அப்படியானால் 6,700. 7,300-இல் அதைக் கழித்தால் 600 குவாச்சாதான் நிற்கிறது. நான்கு பெண்கள் நாள் முழுவதும் உரித்து, பொறுக்கி, புகையில் நின்று வறுத்து, அரைத்து, அடைத்ததற்கு அத்தனை பேருக்குமாகச் சேர்த்து 600.

அறையில் வெகுநேரம் பேச்சில்லை. பிறகு யாரோ ஒருவர் மெல்லச் சொன்னதைக் கள அலுவலர் மொழிபெயர்த்தார்: “இதனால்தான் பணம் நிற்பதில்லை.”

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நம்மூரில் பெருமூச்சோடு சொல்வார்கள். அப்பாவும் சொல்வார். அந்தப் பழமொழியில் உண்மை இருந்தாலும், அதைச் சாக்காக வைத்துக் கணக்கே பாராமலிருப்பதுதான் வியாபாரிக்கு வசதி என்பதை மண்டியின் உள்ளே இருந்து பார்த்தவன் நான். தன் விளைபொருளுக்கும் தன் உழைப்புக்கும் விலை போடாத கணக்கில் யார் வேண்டுமானாலும் இலாபம் காட்டலாம்.

பொறுக்கும் வேலையை இன்று எல்லாரும் மிக நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். அதில் எனக்கு மனநிறைவு.

ஐந்தாம் நாள் – மே 12

சந்தைக்குப் போனோம். கடைக்காரர்களின் குறை ஒன்றே: புட்டியில் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கிறது. எண்ணெய் பிரியாமல் தடுக்கும் சேர்ப்புப் பொருள் எதுவும் கலக்காத கடலை வெண்ணெய் அப்படித்தான் இருக்கும் என்பதைச் சீட்டிலேயே அச்சிடலாம் என்று முடிவு செய்தோம். பெரிய அங்காடிகளில் வைக்க வேண்டுமானால் மலாவித் தரக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று தேவை. அதற்கு இவர்கள் இன்னும் தயாராகவில்லை. இப்போதைக்கு அதைப் பற்றிக் கனவு காட்டுவது சரியன்று என்று எனக்குத் தோன்றியது.

ஏழாம் நாள் – மே 14, ஞாயிறு

தலைவி தம் வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்திருந்தார். தேவாலயத்திலிருந்து திரும்பிய குழந்தைகள் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இன்சிமா என்ற மக்காச்சோளக் களியும், கடலை மாவு கூட்டிக் கடைந்த பூசணிக் கீரையும் பரிமாறினார். உரலில் இடித்த அந்தக் கடலை மாவுக்கு இன்சின்ஜிரோ என்று பெயர். கீரையில் கலப்பார்கள், குழந்தைகளின் கஞ்சியிலும் கலப்பார்கள். பால் அரிதான வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொழுப்பும் புரதமும் சேர்வது பெரும்பாலும் அதிலிருந்துதான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோது, உரலுக்குப் பக்கத்தில் ஒரு முறம் இருந்தது. அதில் நாளைக்கு இடிக்க வைத்திருந்த பருப்பு. சுருங்கியும் கறுத்தும், சிலவற்றில் பச்சைப் பொடி படிந்தும் இருந்த அது, வியாழனன்று என் கண் முன்னே பொறுக்கிக் கழித்த பருப்பு.

எட்டாம் நாள் – மே 15

நான்காம் நாள் பதிவைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. பொறுக்கும் வேலையில் எனக்கு மனநிறைவு என்று எழுதியிருந்தேன். கழித்த 700 கிராம் எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. நான் எழுதிய கணக்கில் அது ‘கழிவு’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிட்டது. உறுப்பினர் கொண்டுவந்த பருப்பு அவருடையது. ஆகவே கழித்ததை அவரிடமே திருப்பிக் கொடுப்பது குழுவின் நேர்மையான விதி. உணவை எறிவது இங்கே யாருக்கும் மனம் ஒப்பாத செயல். ஆகவே நாங்கள் எவ்வளவு கவனமாகப் பொறுக்குகிறோமோ, அவ்வளவுக்கு நஞ்சு செறிந்த பருப்பு தனியே பிரிந்து, புட்டி வாங்குபவரைத் தப்பவைத்து, உறுப்பினரின் குழந்தையின் கிண்ணத்தைச் சென்றடைகிறது. முன்பு நல்லதோடு கலந்து பரவியிருந்தது, இப்போது வடிகட்டி வீட்டுக்குப் போகிறது. இதைச் செய்து கொடுத்தவன் நான்.

நாட்டின் முதல் அதிபர் கமூசு பண்டாவை நினைவுகூரும் கமூசு நாள் நேற்று ஞாயிறில் வந்ததால் இன்று விடுமுறை. அதனால் 26 பேரும் வந்திருந்தார்கள். நேற்று தலைவியின் வீட்டில் பார்த்ததைச் சபையில் சொல்லலாமா என்று அவரிடம் காலையிலேயே தனியாகக் கேட்டேன். அவர், “நானே சொல்கிறேன்” என்றார். முறத்தை வீட்டிலிருந்து எடுத்துவந்து நடுவில் வைத்துவிட்டுப் பேசினார். எல்லார் வீட்டிலும் அதே முறம் இருந்தது பேச்சில் தெரிந்தது.

என்ன செய்வது என்பதில் காலை முழுவதும் போயிற்று. எங்கள் ஊரில் சொத்தைப் பருப்பெல்லாம் எண்ணெய்க்குப் போகும். ஆனால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் நஞ்சு தங்கும், பிண்ணாக்கிலோ இன்னும் அதிகம். அந்தப் பிண்ணாக்கு ஆட்டுக்கும் கோழிக்கும் போகும். ஆகவே அதை நானே வேண்டாமென்றேன். புதைத்துவிடலாம் என்றார் ஒருவர். புதைப்பதற்காக யாரும் கடலையைக் கொடுக்க மாட்டார்கள் என்றார் இன்னொருவர். அவர் சொன்னதே சரி.

விடை பொருளாளரிடமிருந்து வந்தது. வறுக்கும் அடுப்புக்கு விறகு வாங்குகிறோம், கடலை ஓட்டையும் எரிக்கிறோம்; எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு விறகைவிட நன்றாக எரியுமே, கழித்ததைக் குழுவே எடை போட்டு, விறகு விலைக்கு உறுப்பினரிடமிருந்து வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்டார். தொகை சிறியதுதான். ஆனால் பணம் கைக்கு வருகிறது, பேரேட்டில் ஏறுகிறது, பருப்பு அன்றே தீயில் விழுகிறது. நன்றாக எரியும் தீயில் மட்டும் போட வேண்டும், பொடி பறக்காமல் மூடிய வாளியில் வைக்க வேண்டும், கையாள்பவர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றை நான் சேர்த்தேன்.

பத்தாம் நாள் – மே 17

கள அலுவலர் லிலோங்வேயில் சோதனைக்குக் கொடுத்த மாதிரிகளின் முடிவோடு வந்தார். பொறுக்கிய நல்ல பருப்பு வரம்புக்குள் இருந்தது. கழித்த பருப்பின் அளவு, சோதனைப் பட்டை காட்டக்கூடிய எல்லையையே தாண்டியிருந்தது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதன் கீழே இரண்டு கடலைகளை ஒட்டி, கறுத்ததன்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார் ஓர் இளம் பெண்.

இனி வீட்டில் உரித்த பருப்பை வாங்குவதில்லை, உலர்ந்த காயாக மட்டுமே வாங்குவது என்றும் முடிவாயிற்று. உரிப்பதற்குக் கையால் இயக்கும் உரி இயந்திரம் ஒன்றைத் திண்ணை வங்கிக் கடனில் வாங்குவார்கள். அதில் கொஞ்சம் பருப்பு உடையும். எப்படியும் அரைப்பதற்கே போவதால் உடைந்தால் என்ன. கட்டைவிரலைக் காட்டிய மூதாட்டி, இயந்திரத்தின் கைப்பிடி எவ்வளவு கனமாக இருக்கும் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிற்பகலில் விலையைப் பார்த்தோம். ஒரு புட்டிக்குக் குழு பெறும் ஆயிரத்தில் 250, காலிப் புட்டிக்கும் சீட்டுக்குமே போய்விடுகிறது. எங்கள் ஊரில் செக்கடிக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோய் எண்ணெய் வாங்கிவந்ததைச் சொன்னேன். உடனே இரண்டு பேர், சந்தை நாளில் வாளியோடு உட்கார்ந்து, கழுவி உலர்த்திய புட்டியோடு வருபவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். 400 கிராமுக்கு 850 வைத்துப் போட்டுப் பார்த்தோம்: வரவு 11,050, புட்டிச் செலவு இல்லாததால் செலவு 2,450, மீதம் 8,600, பருப்பின் விலை போக 1,900. வாங்குபவருக்கும் மலிவு, குழுவுக்கும் அறுநூறைப் போல மூன்று மடங்கு. ஆனால் எல்லாவற்றையும் இப்படி விற்க முடியாது, ஈரப் புட்டியில் நிரப்பினால் கெட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. ஆகவே பாதியை மட்டும் இந்த வழியில் ஒரு பருவத்திற்குச் செய்து பார்ப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் – மே 19

நாளை விமானம். இன்று நான் பேசவேண்டியது எதுவும் இருக்கவில்லை. அவர்களே 20 கிலோ காயை எடை போட்டு, உரித்து, பொறுக்கி, வறுத்து, அரைத்து, அடக்கவிலை போட்டார்கள். கூட்டலில் ஓரிடத்தில் பிழை இருந்தது. நான் வாய் திறப்பதற்கு முன்பே பக்கத்திலிருந்தவர் கண்டுபிடித்துவிட்டார்.

பேரேட்டின் புதிய பக்கத்தில் கோடிழுத்து, எங்கள் கடலை, எங்கள் கூலி, கழித்தது என்று சிச்செவாவில் மூன்று புதிய பத்திகளுக்குத் தலைப்பிட்டிருந்தார் பொருளாளர். மூன்றாவதில் முதல் வரி: 1.3 கிலோ, அடுப்பு. தொகையை உறுப்பினரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, வாளியைத் தலைவி தாமே எடுத்துச் சென்று உருளையின் அடியில் கொட்டினார். எண்ணெய் பொரிந்து தீ சடசடவென்று எழுந்தது. குழந்தைகளைச் சற்று எட்டி நிற்கச் சொல்லி, அது அடங்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.